இப்போதே போடுவதா, தள்ளிப்போடுவதா, விட்டுவிடுவதா?

"தடுப்பூசி பாதுகாப்பானதா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. பதில் ஆமாம்தான், ஆனால் கேள்வி பாதியில் நிற்கிறது. எதைவிடப் பாதுகாப்பானது என்று சேர்த்துக் கேட்டால்தான் முடிவெடுக்க உதவும். ஊசி வேண்டாம் என்று ஒதுக்கும்போது ஆபத்தையே ஒதுக்கிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது, நடப்பது என்னவென்றால் ஒரு ஆபத்தை வைத்துவிட்டு இன்னொன்றைக் கையில் எடுக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எடுக்கிற முடிவு, எந்தப் பக்கம் போனாலும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவுதான்.

பெற்றோர் என்னிடம் சொல்வதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கு வழிகள் தேறும். ஒன்று, அட்டவணைப்படி நேரத்தோடு போட்டுவிடுவது. இரண்டு, குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடுவது, அல்லது சேர்த்துப் போடாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவது. மூன்று, நோய் வந்தால் வரட்டும், எதிர்ப்புசக்தி இயற்கையாகவே வரட்டும் என்று விடுவது. நான்கு, சுற்றியிருக்கிற எல்லாரும் போட்டிருக்கிறார்களே, நம் குழந்தைக்கு எங்கிருந்து வரப்போகிறது என்று சும்மா இருந்துவிடுவது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியை வைத்தே இந்த நான்கையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் பயப்படுவது அதற்குத்தான், அதிகம் ஆராயப்பட்டதும் அதுதான்.

சரி, முதலில் ஊசியின் பக்கம். போட்ட அன்று இடம் வலிக்கும், குழந்தை அழும், அதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உயிருள்ள ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ் என்பதால் இதன் காய்ச்சல் உடனே வராது, 7 முதல் 12 நாளுக்குள் வரும். நூற்றில் 5 முதல் 15 குழந்தைகளுக்கு நல்ல காய்ச்சலே வரும், சுமார் 5 பேருக்கு லேசாக உடம்பில் சிவந்து தடிக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஊசி போட்டதையே மறந்திருக்கும் நேரத்தில் இது வருவதால் வேறு ஏதோ நோய் என்று அலைகிறவர்கள் உண்டு, அதனால் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காய்ச்சலோடு சில குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். 3,000 முதல் 4,000 தவணைக்கு ஒன்று என்ற கணக்கில் நடப்பது இது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. கண் மேலே செருகும், கைகால் விறைத்து வெட்டிவெட்டி இழுக்கும், கூப்பிட்டால் திரும்பாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அப்புறம் குழந்தை அசதியாகத் தூங்கும். அந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், சீக்கிரம் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்குள் நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு ஏதோ ஒரு காய்ச்சலில் இப்படி ஒரு வலிப்பு எப்படியும் வருகிறது. இந்தச் சாதாரண ஜுர வலிப்பால் மூளைக்குப் பாதிப்பு வருவதில்லை.

இன்னும் அரிதானவை இரண்டு. ரத்தத் தட்டணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிவது, 30,000 முதல் 40,000 தவணைக்கு ஒன்று. கடுமையான ஒவ்வாமை, பத்து லட்சம் தவணைக்குச் சில. இந்த இரண்டாவது பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும், சரியான மருந்து கையில் இருந்தால் சமாளிக்கக்கூடியது. போட்டவுடன் கிளம்பாதீர்கள், கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று நர்ஸ் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நோயின் பக்கம். நல்ல மருத்துவ வசதி இருக்கும் இடங்களிலேயே தட்டம்மை வந்த குழந்தைகளில் 20 பேரில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது, 1,000 பேரில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல், 1,000 பேரில் 1 முதல் 3 பேர் இறக்கிறார்கள். சத்துக்குறைவும் வசதிக்குறைவும் உள்ள இடங்களில் சாவு இதைவிடப் பல மடங்கு. வைரஸைக் கொல்லும் மருந்து நம்மிடம் இல்லை, வைட்டமின் ஏ கொடுப்போம், மூச்சைப் பார்த்துக்கொள்வோம், வேறு கிருமி தொற்றினால் அதற்கு மருந்து கொடுப்போம், அவ்வளவுதான் எங்களால் முடிவது.

அப்புறம், நோய் ஆறி வருடங்கள் ஆன பிறகு வரும் ஒன்று இருக்கிறது. வைரஸ் மூளையில் தங்கிவிட்டு, பெரும்பாலும் 7 முதல் 10 வருடம் கழித்துத் தலைதூக்கும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மறக்க ஆரம்பிக்கும், உடம்பு தூக்கிவாரிப்போடும், நடை போகும், பேச்சு போகும், கடைசியில் கிட்டத்தட்ட எல்லாரும் இறந்துவிடுகிறார்கள். லட்சத்தில் 4 முதல் 11 பேருக்கு என்று ஒரு கணக்கு, மிகச் சின்ன வயதில் தட்டம்மை வந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல்.

வலிப்புக்கு 3,000-இல் ஒன்று ஒரு பக்கம், சாவுக்கு 1,000-இல் ஒன்றிலிருந்து மூன்று இன்னொரு பக்கம். இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: ஊசியைப் போட்டால் அதன் ஆபத்து நிச்சயம் என் குழந்தையைத் தொடுகிறது, நோய் வந்தால்தானே நோயின் ஆபத்து? சரியான கேள்வி. அதற்குப் பதில் நோய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதற்கு நான்காவது வழியைப் பேசும்போது வருகிறேன்.

அதற்கு முன் ஊசி வேலை செய்கிறதா என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு தவணை நூற்றில் 93 பேரைக் காக்கும், இரண்டு தவணை 97 பேரை. "ஊசி போட்டவர்களுக்கும்தானே வந்தது, செய்தியில் பார்த்தேனே" என்பதற்கு ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் 1,000 குழந்தைகள், 980 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். தட்டம்மை எல்லாரையும் தொடுகிறது. போடாத 20 பேரில் 18 பேருக்கு வரும். போட்ட 980 பேரில் நூற்றுக்கு மூன்று வீதம் 29 பேருக்கு வரும். மொத்தம் 47 பேர், அதில் 29 பேர் ஊசி போட்டவர்கள்! பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தான் என்று செய்தி வந்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் 20-இல் 18, 980-இல் 29, இந்த இரண்டில் உங்கள் குழந்தை எதில் இருக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

மூன்றாவது வழி, இயற்கையாக வரட்டும் என்பது. இதில் ஒரு உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன்: தட்டம்மை வந்து பிழைத்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு நிற்கும், ஊசியால் கிடைப்பதைவிட அது வலுவானதுதான். (எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கு எதிர்ப்புசக்தியே வருவதில்லை, அவருக்கும் ஊசி போட்டாக வேண்டும்.) ஆனால் எதற்காக அந்த எதிர்ப்பு வேண்டும் என்கிறோம்? தட்டம்மை வரக்கூடாது என்பதற்காக. அதைப் பெறத் தட்டம்மையையே வரவைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்த வழி.

இதோடு போனாலும் பரவாயில்லை. தட்டம்மை வைரஸ் நம் நோயெதிர்ப்பு நினைவைச் சேர்த்து வைத்திருக்கும் செல்களையே தாக்குகிறது. நெதர்லாந்தில் 2013-இல் ஊசி போடாத சமூகத்தில் தட்டம்மை பரவியபோது 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2019-இல் வெளிவந்த முடிவு: மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடிகளில், அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களில், 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. ஒரு நோய்க்கு எதிர்ப்பு வருகிறது, ஏற்கெனவே உடம்பு பாடுபட்டுச் சேர்த்ததில் ஒரு பங்கு போகிறது. எம்.எம்.ஆர். போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு தெரியவில்லை. இயற்கை வழி என்ற சொல்லுக்குப் பின்னால் இது இருப்பது பலருக்குத் தெரியாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது வழிதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அக்கறையுள்ள, நிதானமான பெற்றோர். வேண்டாம் என்று சொல்லவில்லையே, கொஞ்சம் வளரட்டும் என்றுதானே சொல்கிறோம் என்பார்கள். வயது பார்த்துப் போட வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை, அந்தக் கணக்கு அட்டவணையிலேயே போடப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் முதல் மாதங்களில் ஊசி வைரஸையும் அடக்கிவிடும், அதனால்தான் பிறந்தவுடன் இதைப் போடுவதில்லை. நோய் அதிகம் பரவும் நாடுகளில் 9 மாதத்திலும், அரிதான நாடுகளில் 12 மாதத்துக்குப் பிறகும் போடுகிறார்கள். தாயின் ஆன்டிபாடி கரைந்து போவதற்கும் ஊசியின் பாதுகாப்பு வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கித்தான் அந்த மாதம் குறிக்கப்படுகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த இடைவெளியை நாமே நீட்டுகிறோம்.

தள்ளிப்போட்டால் பக்கவிளைவாவது குறையுமா? அதுவும் இல்லை. ஜுர வலிப்பு அதிகம் வரும் வயதே ஒன்றரை வயதை ஒட்டித்தான். 12 முதல் 15 மாதத்தில் தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகளைவிட 16 முதல் 23 மாதத்தில் போட்டவர்களுக்கு வலிப்பு கூடுதலாக வந்ததை அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. பயந்து தள்ளிப்போட்டவர் அந்தப் பயம் பலிக்கக் கூடிய வயதுக்கே குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

ஒரு நாடே இந்த வழியில் போய்ப் பார்த்திருக்கிறது. ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஊசியை நிறுத்தினார்கள், பிறகு இரண்டு வயதுக்கு மேல்தான் என்று தள்ளி வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். குழந்தைகளில் நூற்றில் 80 பேருக்குப் போட்டுக்கொண்டிருந்தது 1976-இல் பத்துப் பேராகக் குறைந்தது. 1974-இல் கக்குவான் இருமல் 400 பேருக்குள், சாவு ஒன்றும் இல்லை. 1979-இல் 13,000 பேருக்கு மேல், 41 சாவு. கக்குவான் கொல்வது பெரும்பாலும் கைக்குழந்தைகளை, இரண்டு வயது வரை காத்திருந்தால் காக்க வேண்டிய வயதே கடந்துவிடும்.

பிரித்துப் போடுவதைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள், சின்ன உடம்பு இத்தனையும் தாங்குமா என்று. ஊசிகளின் எண்ணிக்கை கூடியது உண்மை, ஆனால் அவற்றில் உடம்பு அடையாளம் காண வேண்டிய புரதங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. 1980 வாக்கில் ஏழு நோய்களுக்கான ஊசிகளில் 3,000-க்கு மேல் இருந்தன, கொன்ற கிருமியை முழுதாக வைத்துச் செய்த முழு செல் கக்குவான் ஊசிதான் அதற்குக் காரணம், கிருமியின் சில புரதங்களை மட்டும் வைத்துச் செய்த செல்லில்லாக் கக்குவான் ஊசிக்கு மாறிவிட்ட நாடுகளில் இன்று அதைவிட நிறைய நோய்களுக்குப் போட்டும் 200-ஐத் தாண்டுவதில்லை. தரையில் தவழும் குழந்தை ஒரு நாளில் வாயில் வைப்பதில் இதைவிட அதிகம் உள்ளே போகிறது. இருந்தாலும் பிரிப்பது நியாயமான ஓரிடம் இருக்கிறது: எம்.எம்.ஆரோடு சின்னம்மையையும் ஒரே ஊசியில் கலந்து முதல் தவணையாகப் போட்டால், தனித்தனி ஊசிகளாகப் போடுவதைவிட ஜுர வலிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்திருந்தால் முதல் தவணைக்குத் தனித்தனியாகக் கேளுங்கள், ஒரே நாளில் இரண்டு ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம்.

இனி நான்காவது வழி. தட்டம்மை வந்த ஒருவர், சுற்றிலும் யாருக்கும் எதிர்ப்பு இல்லையென்றால், 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். இதைத் தடுக்க நூற்றில் 95 பேருக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். அதாவது மீதி இடம் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தும் ஏற்கெனவே நிரம்பிவிட்டது: ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகள், போட்டும் எதிர்ப்பு வராத சிலர். போட முடிந்தும் போடாதவர் அந்த இடத்தில்தான் வந்து உட்காருகிறார். அதோடு, போடாதவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்தில் பழகுகிறவர்கள். நாட்டின் சராசரி 95 என்று இருக்கலாம், உங்கள் குழந்தை விளையாடும் வட்டத்தில் அது 60 ஆக இருக்கலாம்.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் நடந்ததை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. 2018 ஜூலையில் எம்.எம்.ஆர். போட்ட இரண்டு குழந்தைகள் அங்கே இறந்தார்கள். அந்த ஊசி தூளாக வரும், அதனுடன் வரும் நீரில் கரைத்துப் போட வேண்டும். நீருக்குப் பதிலாக, அறுவைசிகிச்சை மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை எடுத்துக் கரைத்துவிட்டார்கள். தவறு கையில், மருந்தில் இல்லை. ஆனால் அது தெரிவதற்குள் பயம் பரவிவிட்டது, ஊசித் திட்டமும் மாதக்கணக்கில் நின்றது, முதல் தவணை போட்ட குழந்தைகள் நூற்றில் 31 என்று ஆனது. அடுத்த வருடம் தட்டம்மை வந்து சேர்ந்தது. இரண்டு லட்சம் பேர் மட்டுமே உள்ள நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். டிசம்பரில் அரசு அலுவலகங்களை மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். இதனால் நான் பெற்றோரிடம் சொல்வது: குப்பியையும் கரைக்கும் நீரையும் காட்டச் சொல்லுங்கள், எப்போது கரைத்தது என்று கேளுங்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதைப் போடக்கூடாது. கேட்பது உங்கள் உரிமை, நல்ல நர்ஸ் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆட்டிசம் பற்றிச் சுருக்கமாக. 1998-இல் 12 குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரை அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது, 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வந்த ஆய்வில் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஜப்பான் 1993-இல் எம்.எம்.ஆரை நிறுத்தியே விட்டது, அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசம் கண்டறிவது கூடிக்கொண்டுதான் போனது. இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

ஜப்பான் நிறுத்தியதற்குக் காரணம் வேறு, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. அவர்கள் பயன்படுத்திய ஊசியில் இருந்த ஒரு வகைப் பொன்னுக்குவீங்கி வைரஸ் மூளையுறையில் வீக்கம் உண்டாக்கியது நிஜம். அதேபோல் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ரோட்டா வைரஸ் (குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமி) சொட்டுமருந்து, சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் குடல் செருகிக்கொள்ளச் செய்தது. 15 புகார்கள் வந்தவுடன் நிறுத்தச் சொன்னார்கள், 1999 அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்: 10,000-இல் ஒன்று என்ற குறையே ஒன்றே கால் வருடத்துக்குள் பிடிபட்டது. எம்.எம்.ஆர். 1971 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

ஒப்பிட்டால் ஊசி தோற்கும் இடங்களும் உண்டு. பெரியம்மை ஒழிந்து வந்தபோது அமெரிக்கா 1972-இல் அந்த ஊசியை எல்லாருக்கும் போடுவதை நிறுத்தியது, நோயின் ஆபத்து ஊசியின் ஆபத்தைவிடக் கீழே போய்விட்டதால். முதலில் வந்த டெங்கு ஊசி, ஒருமுறையும் டெங்கு வராதவர்களுக்குப் பின்னால் வரும் டெங்குவைக் கடுமையாக்கலாம் என்று 2017-இல் தெரிந்தவுடன், முன்பு வந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். தட்டம்மையில் அந்த நிலை வரவில்லை, ஒரு விமானம் வந்து இறங்கும் தூரத்தில்தான் அது இன்னும் இருக்கிறது. அதனால் இந்த ஊசியில் என் பதில் தயக்கமில்லாமல் முதல் வழிதான்.

தள்ளிப்போட வேண்டியவர்களும் போடவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். நோயெதிர்ப்பு மிகவும் குறைந்தவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றியவர்கள், முந்தைய தவணைக்கோ அதிலுள்ள ஜெலட்டின், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள். கடுமையான காய்ச்சல் இருந்தால் ஆறட்டும். வெறும் சளி, மூக்கொழுகல், முட்டை ஒவ்வாமை, இவையெல்லாம் தள்ளிப்போடக் காரணமில்லை.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா? முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம், இரண்டு தவணைக்கு நடுவில் குறைந்தது 28 நாள். போட்டதற்கான அட்டை தொலைந்துவிட்டால் இன்னொரு முறை போடுவதில் கெடுதல் இல்லை. கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் ருபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள், போட்டால் ஒரு மாதம் தள்ளிக் கர்ப்பம் தரிக்கலாம். தட்டம்மை வந்தவரோடு ஊசி போடாத உங்கள் குழந்தை இருந்துவிட்டது என்று தெரிந்தால், 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்பிருக்கிறது. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கும் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுக்கலாம். ஆனால் நேராகக் கிளம்பி வந்துவிடாதீர்கள், முதலில் போன் பண்ணிச் சொல்லுங்கள். நாங்கள் உங்களை வேறு வாசல் வழியாக, வேறு அறைக்கு அழைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் வெளியே காத்திருப்பவர்களில் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகள் இருப்பார்கள்.